பழைய பிக்கப்: ஸ்டியரிங்கில் 3 இன்ச் ஆட்டம், கொண்டை ஊசி தாண்டினால் தானா திரும்பி வரமாட்டேங்குது. பாக்ஸ் மாத்தணுமா?

நாகலூர் பிக்கப்:

வணக்கம். 2004 மாடல் டீசல் பிக்கப். பவர் ஸ்டியரிங் கிடையாது. கம்பெனி பேரைச் சொன்னா திரி வேற பக்கம் போயிடும், அதனால அமைப்பை மட்டும் சொல்றேன். முன்னாடி ஒரே துண்டு ஆக்சில், கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்பற செங்குத்து அச்சு), நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவுலதான் ஓட்டம். இறங்கும்போது காபி, மிளகு மூட்டை, 50 கிலோ மூட்டையா 20 வரைக்கும். ஏறும்போது பெரும்பாலும் எம்டி. எஸ்டேட்டுக்குள்ள மண் ரோடு.

பிரச்சினைகள்:

ஸ்டியரிங் வீலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 3 இன்ச் ஆட்டினாலும் டயர் அசையறதில்லை. வீல் விட்டம் 40 செ.மீ.

எம்டியா ஏறும்போது கொண்டை ஊசி முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நேருக்கு வரமாட்டேங்குது, கையால இழுத்து வெக்கணும். லோடோட இறங்கும்போது ஓரளவு வருது.

சமதளத்துல 45, 50 கி.மீ. வேகத்துல இடது சக்கரம் குழியில விழுந்தா ஸ்டியரிங் படபடன்னு ஆடும். பிரேக் தொட்டு வேகம் குறைச்சாத்தான் நிக்குது.

இடது முன் டயர் உள்பக்க ஓரம் மட்டும் தேயுது. வலது பரவாயில்லை.

பட்டறையில ஸ்டியரிங் பாக்ஸ் போச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க. போன மாசம் பாக்ஸ் மேல இருக்கிற ஸ்குருவை டைட் பண்ணிக் கொடுத்தாங்க. ஆட்டம் கொஞ்சம் குறைஞ்சது, திரும்பி வராத பிரச்சினை கூடிடுச்சு. காபி பறிப்பு தொடங்கறதுக்குள்ள முடிக்கணும். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

கிரீஸ்கன்:

பாக்ஸைக் கடைசியில தொடுங்க தம்பி. சக்கரத்துல ஆரம்பிச்சு பாக்ஸ் வரைக்கும் மேல வரணும். பட்டறையில தலைகீழா ஆரம்பிச்சிருக்காங்க.

முதல்ல அந்த ஸ்குரு. பாக்ஸுக்குள்ள நேராப் போற இடத்துல பல்லை வேணும்னே இறுக்கமா வெச்சிருப்பாங்க, ரெண்டு பக்கமும் கொஞ்சம் தளர்வா இருக்கும். வண்டி அதிகமா ஓடறது நேர்ல, அதனால நடுவுலதான் தேயும். தேஞ்ச நடுவுக்குப் பொருந்தற மாதிரி ஸ்குருவை முறுக்கினா, தேயாத பக்கங்கள்ல பிடிக்க ஆரம்பிக்கும். கொண்டை ஊசியில முழுசா ஒடிச்ச வீல் திரும்பி வராம நிக்கறதுக்கு அது ஒண்ணே போதும். எத்தனை சுத்து முறுக்கினாங்கன்னு கேட்டு, அதை முதல்ல பழையபடி தளர்த்துங்க.

3 இன்ச் ஆட்டம்னா என்னன்னு ஒரு கணக்கு. 40 செ.மீ. வீல்ல 3 இன்ச் ஏறக்குறைய 22 டிகிரி. பாக்ஸ் விகிதம் 20க்கு 1ன்னு வெச்சுக்கிட்டா டிராப் ஆர்ம் (பாக்ஸுலருந்து கீழ தொங்கற கை) ஷாஃப்ட்டுல அது 1 டிகிரி. டிராப் ஆர்ம் நீளம் 15 செ.மீ. இருந்தா அதன் நுனியில 3 மில்லிமீட்டர் கூட இல்லை. ரெண்டு பால் ஜாயிண்ட்டுல ஆளுக்கு ஒரு மில்லி, பாக்ஸ் மவுண்டிங்ல அரை மில்லி, காலம் (ஸ்டியரிங் வீல்லருந்து பாக்ஸுக்கு வர்ற தண்டு) ஜாயிண்ட்டுல கொஞ்சம்னு சேர்ந்தாலே உங்க 3 இன்ச் வந்துடும். பாக்ஸ் பாவம், அதுக்குப் பங்கே இல்லாமக்கூட இருக்கலாம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 98வது விதி, ஸ்டியரிங் வீல்ல ஆட்டம் 30 டிகிரிக்கு மேல போகக் கூடாதுங்குது. உங்க வீலுக்கு அது 10 செ.மீ.க்கும் மேல. அதாவது இந்த ஆட்டத்தோட எஃப்.சி.யில உங்களை நிறுத்த முடியாது. அடிவாரத்துலருந்து 20 கொண்டை ஊசி ஏறி இறங்கற வண்டிக்கு நான் ஒரு இன்ச்சுக்கு மேல விடமாட்டேன். அதே விதியில பால் ஜாயிண்ட் எல்லாத்துக்கும் ரப்பர் மூடி இருக்கணும், போல்ட்டும் பின்னும் லாக் ஆகியிருக்கணும்னும் இருக்கு. அதையும் பாருங்க.

இப்ப சோதனை. வண்டி நாலு சக்கரத்துலயும் தரையில நிக்கட்டும். ஒரு ஆள் உக்காந்து வீலை இடம் வலம் 3 இன்ச்சுக்குள்ளேயே ஆட்டிட்டே இருக்கணும், வேகமா வேண்டாம். நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் கைய வெச்சுப் பாருங்க. ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையாத இடம்தான் ஆட்டம் இருக்கிற இடம். கண்ணை விட விரலுக்கு நல்லாத் தெரியும். வரிசை: காலம் அடியில இருக்கிற ஜாயிண்ட், பாக்ஸை சேஸிஸ்ல பிடிக்கிற போல்ட்டுகள், டிராப் ஆர்ம் ஸ்ப்லைன் (ஷாஃப்ட்டுல மாட்டற பல்), டிராக் லிங்க் (டிராப் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) ரெண்டு முனை, டை ராட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) எண்ட் ரெண்டு. பாக்ஸ் போல்ட்டைச் சுத்தி சேஸிஸ்ல துருக்கோடு மாதிரி தெரிஞ்சா கீறலான்னு கம்பி பிரஷ் போட்டுப் பாருங்க.

ஒண்ணு கவனிங்க. நம்ம ஊர் வண்டியில டிராக் லிங்க் வலது சக்கரத்தைத் திருப்பும், டை ராட் அதை இடதுக்குக் கொண்டு போகும். டை ராட் எண்ட் ஆடினா ஸ்டியரிங் வீல்ல பெருசா தெரியாது, இடது சக்கரம் தன்னிச்சையா ஆடும். இடது குழியில விழுந்தா படபடங்கறதுக்கு என் சந்தேகம் டை ராட் இல்லேன்னா இடது கிங் பின்.

கிங் பின் சோதனைக்கு மலை ரோட்டு ஓரத்துல ஜாக்கி போடாதீங்க, சரிவுல வண்டி ஜாக்கியை விட்டு நழுவும். காபி காய வெக்கிற சிமென்ட் களம் இருந்தா அதைவிட நல்ல இடம் இல்லை. பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி, பக்கத்துல ஸ்டாண்ட். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா இன்னொருத்தரை பிரேக்கை அழுத்தச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங். நிக்கலேன்னா கிங் பின். பிரேக் பிடிச்சா டிரம்மும் பிளேட்டும் ஒண்ணாயிடும், பேரிங் ஆட்டம் மறைஞ்சிடும், கிங் பின் ஆட்டம் மறையாது. அதான் சூட்சுமம்.

கிங் பின் தேஞ்சா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும், டயர் உள் ஓரம் தேயும். நீங்க சொல்ற தேய்மானத்துக்கு அது பொருந்துது.

கடைசியா, ஜாக்கியில இருக்கும்போதே டிராக் லிங்கைக் கழட்டிட்டு சக்கரத்தைக் கையால இடம் வலம் திருப்புங்க. சொரசொரப்பு இல்லாம, ஒரு கை பலத்துல போகணும். இறுகினா கிங் பின் அல்லது திரஸ்ட் பேரிங் (அந்த இடத்துல வண்டி பாரத்தைத் தாங்கற பேரிங்) பிடிக்குது. ஈசியாப் போனா திரும்பி வராததுக்குக் காரணம் வேற.

டிராக் லிங்க் கழட்டும்போது மரை மேல சுத்தியல் போடாதீங்க. நட்டை ரெண்டு மரை தளர்த்தி விட்டுட்டு, டேப்பர் (ஜாயிண்ட்டோட கூம்பு முனை) உக்காந்திருக்கிற கண்ணோட ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, மறுபக்கம் ஒரே அடி. கழண்டுடும்.

காப்பித்தோட்டம்:

இத்தனை பாடு எதுக்கு? பவர் ஸ்டியரிங் கிட் போட்டுட்டா எல்லாம் ஈசி ஆயிடும்ல?

கிரீஸ்கன்:

ஆட்டம் அப்படியே இருக்கும், உங்க கைக்குத் தெரியறது மட்டும் நின்னுடும். பவர் இருந்தா நின்ன இடத்துலயே வீலைச் சுத்தத் தோணும், பால் ஜாயிண்ட்டுக்கு அதுதான் எமன். போடறதா இருந்தாலும் இதெல்லாம் சரி பண்ணின அப்புறம்.

நாகலூர் பிக்கப்:

அண்ணா, களத்துல வெச்சே பார்த்தோம். ஸ்குருவை கால் சுத்து முறுக்கியிருந்தாங்க, திருப்பி விட்டாச்சு. திரும்பி வர்றது கொஞ்சம் பரவாயில்லை, முழுசா சரியாகலை.

டிராக் லிங்க்ல டிராப் ஆர்ம் பக்கத்து முனை நல்லா ஆடுது, ரப்பர் கிழிஞ்சு உள்ள செம்மண். இடது டை ராட் எண்ட்டுலயும் கொஞ்சம். இடது சக்கரம் பிரேக் அழுத்தினாலும் ஆடுது, அப்ப கிங் பின்தான். வலது சக்கரத்துல பிரேக் அழுத்தினா ஆட்டம் நிக்குது. டிராக் லிங்க் கழட்டினா ரெண்டு சக்கரமும் ஈசியாத் திரும்புது. அப்ப திரும்பி வராததுக்கு என்ன காரணம்? பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்திருக்கோம்ங்கறதைச் சொல்ல விட்டுட்டேன். இதே மாடல் பக்கத்து எஸ்டேட்ல பட்டை சேர்க்காம இருக்கு. அதைவிட எங்க வண்டி பின்பக்கம் எம்டியில 60 மி.மீ. உயரம். முன்பக்கம் ரெண்டுலயும் ஒரே உயரம்.

ஐந்துரோடு அலைன்மெண்ட்:

"சொல்ல விட்டுட்டேன்" என்று எழுதிய அந்த ஒரு வரியில்தான் பதில் இருக்கிறது.

கிங் பின்னின் மேல்நுனி பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம் கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போலத்தான். சக்கரம் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் இந்தச் சாய்வால். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஆக்சில் பட்டையோடு இறுக்கப்பட்டிருக்கிறது, பட்டை சேஸிஸில் தொங்குகிறது. ஆகவே சேஸிஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கிங் பின்னும் சாயும். பின்பக்கத்தை உயர்த்தினால் சேஸிஸ் முன்னால் குனியும், கிங் பின்னின் மேல்நுனி முன்னால் வரும், கேஸ்டர் குறையும்.

வீல்பேஸ் 2,750 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். 60 மி.மீ. உயர்வு என்றால் ஒன்றேகால் டிகிரி குறைவு. மொத்தமே இரண்டு, மூன்று டிகிரி உள்ள வண்டியில் இது பாதியைத் தின்றுவிடும். ஒரு டன் ஏற்றியதும் பின்பக்கம் இறங்குகிறது, கேஸ்டர் திரும்பக் கிடைக்கிறது, ஸ்டியரிங்கும் திரும்பி வருகிறது. லோடில் நன்றாக இருந்து எம்டியில் மட்டும் மக்கர் செய்வதற்குக் காரணம் இதுதான். ஏற்றத்தில் முன் சக்கரத்தின் மேல் பாரம் குறைவதால் எந்த வண்டியும் கொஞ்சம் மந்தமாகத்தான் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். ஜங்ஷன் பக்கம் சமரோட்டில் எம்டியாக ஓட்டியும் வராவிட்டால் அது கேஸ்டர்.

என்ன செய்வது? சேர்த்த இரண்டு முழுநீளப் பட்டைகளைக் கழற்றுங்கள். ஒரு டன் லோடுக்கு உதவி வேண்டுமென்றால் ஹெல்பர் பட்டை போடுங்கள். மெயின் கட்டுக்கு (பட்டைகளின் அடுக்குக்கு) மேலே தனியாக இருந்து, பாரம் ஏறிக் கட்டு இறங்கிய பிறகுதான் அதன் முனைகள் சேஸிஸில் உள்ள தாங்கியைத் தொடும். எம்டியில் உயரம் மாறாது, வண்டியும் மண் ரோட்டில் துள்ளாது. பழைய பட்டை தளர்ந்து தட்டையாகிவிட்டது என்றால் புதுக் கட்டு வாங்குங்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துத் தருவதோடு விட்டுவிடுகிற இடங்கள் உண்டு. எண்ணெயில் குளிர்வித்து, மறுபடி அளவான சூட்டில் டெம்பர் செய்யாத பட்டை சில மாதத்தில் மீண்டும் தட்டையாகும், அல்லது ஒடியும். பட்டையில் வெல்டிங் மட்டும் வேண்டாம். வெல்டிங் வைத்த ஸ்பிரிங் பட்டை அரிவாள் அடிக்கக்கூட ஆகாது.

பட்டைக் கட்டைப் பிரிக்கும்போது சென்டர் போல்ட்டை (பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் போல்ட்டை) பாருங்கள். அறுந்திருந்தால் ஆக்சில் பட்டைக்கு அடியில் நகர்ந்திருக்கும். பிரிப்பதற்கு முன்பே இடது முன் ஹப் நடுவிலிருந்து இடது பின் ஹப் நடு வரை, வலதிலும் அதே மாதிரி, சக்கரங்களை நேராக வைத்து டேப் பிடித்து அளந்துவிடுங்கள். இரண்டும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒரு பக்கம் நழுவியிருக்கிறது. யூ போல்ட் (பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கும் போல்ட்) கழற்றினால் புதிதாகவே போடுங்கள், பழையதன் மரை இழுபட்டிருக்கும். குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்சில். முதல் லோடு ஏற்றி இறக்கிய பிறகு ஒருமுறை, 500 கி.மீ. ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். முதல் லோடில் பட்டைகள் ஒன்றோடொன்று அமுங்கி உட்காரும், போல்ட் தளரும். இதை விட்டுவிடுவதால்தான் சென்டர் போல்ட் அறுகிறது.

ஷேக்கிளில் (பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டில்) ரப்பர் புஷ் இருந்தால் அந்த போல்ட்டுகளை வண்டி தரையில் நின்று தன் உயரத்துக்கு வந்தபின் மட்டுமே கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

கிரீஸ்கன்:

சரியாச் சொன்னார். எனக்கு அந்தப் பட்டை விஷயம் தெரிஞ்சிருந்தா முதல் பதிலையே மாத்தி எழுதியிருப்பேன்.

கிங் பின் வேலை எப்படி வாங்கணும்னு மட்டும் சொல்றேன். இடதுலதான் ஆட்டம்னாலும் ரெண்டு பக்கமும் பண்ணுங்க. கிட்ல பின் 2, புஷ் (பின் உக்கார்ற உறை) 4, திரஸ்ட் பேரிங் 2, காட்டர் பின் 2, ஷிம் (இடைவெளி நிரப்பற மெல்லிய தகடு), மூடி, கிரீஸ் நிப்பிள் இருக்கணும். கூடவே டிராக் லிங்க் முனை ரெண்டு, டை ராட் எண்ட் ரெண்டு, ஸ்ப்ளிட் பின், வீல் பேரிங் ஆயில் சீல் 2, ஏபி-3 கிரீஸ் ஒரு கிலோ.

பின் வரலேன்னு ஆக்சில் கண்ணை கேஸ்ல சிவக்கக் காய்ச்ச விடாதீங்க. துரு எண்ணெய் ஊத்தி ஒரு ராத்திரி விட்டா பிரஸ்ல வந்துடும். புஷ் அடிக்கும்போது புஷ்ல இருக்கிற ஓட்டையும் நிப்பிள் ஓட்டையும் நேருக்கு நேர் வரணும். இது கொஞ்சம் தப்பினாலும் அடிக்கிற கிரீஸ் உள்ள போகவே போகாது, புது பின் காய்ஞ்சே தேயும். கிங் பின் சீக்கிரம் போச்சுன்னு வர்ற வண்டிகள்ல முதல்ல பாக்க வேண்டியது இந்த ஓட்டையைத்தான்.

புஷ் உள்ள போனதும் சுருங்கும், ரீமர் (ஓட்டையை அளவுக்குச் சீவற கருவி) போடணும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி நீள ரீமர்ல ஒரே ஓட்டத்துல. தனித்தனியா ரீம் பண்ணினா பின் கோணலாப் பிடிக்கும், ஸ்டியரிங் திரும்பி வராம பழைய கதைக்கே போயிடுவீங்க. லேசா எண்ணெய் தடவின பின், கட்டைவிரல் அழுத்தத்துல இறங்கணும். சுத்தியல் கேட்டா இறுக்கம், தானா விழுந்தா தளர்வு. மேல் கீழ் இடைவெளியை ஷிம் வெச்சு, பீலர் கேஜ்ல 0.1 மி.மீ. போகிற அளவுக்கு வைங்க. மேனுவல்ல வேற அளவு இருந்தா அதுதான் கணக்கு.

வலது வீல் பேரிங்: ஹப்பைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, பிடிச்சதும் ஆறுல ஒரு சுத்து பின்னால விட்டு லாக் பண்ணுங்க. ஹப் ஈசியாச் சுத்தணும், ஆட்டம் கைக்குத் தெரிஞ்சும் தெரியாம இருக்கணும்.

பால் ஜாயிண்ட் நட்டுல ஸ்ப்ளிட் பின் ஓட்டை சேரலேன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சேருங்க. தளர்த்திச் சேர்க்கக் கூடாது. ஆடற பழைய பால் ஜாயிண்ட் தொப்பியைத் தட்டி, வெல்டிங் பொட்டு வெச்சுத் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. அது கழண்டா வண்டி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

நாகலூர் பிக்கப்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. பட்டை கழட்டின பிறகும் கேஸ்டர் குறைவாக் காட்டினா ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு வெக்கலாம்ங்கறாங்க. தடிச்ச பக்கம் முன்னாடியா பின்னாடியா? டோ (முன் சக்கரங்களுக்கு நடுவுல முன்புற, பின்புற தூர வித்தியாசம்) எப்ப பாக்கறது?

ஐந்துரோடு அலைன்மெண்ட்:

பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்காரும் வண்டி என்றால் தடித்த பக்கம் பின்னால். அப்போதுதான் கிங் பின்னின் மேல்நுனி பின்னால் சாயும். தலைகீழாக வைத்தால் இருப்பதும் போய்விடும். ஆனால் முதலில் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட்டில் கேஸ்டர், கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) இரண்டையும் பிரிண்ட் எடுத்துக் கையில் வாங்குங்கள். இந்த ஆக்சிலில் டோ மட்டும்தான் திருத்த முடியும் என்பதால் பலர் மற்ற எண்களைக் காட்டுவதே இல்லை. இரண்டு பக்கக் கேஸ்டரும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கலாம், ஆக்சிலும் முறுக்கியிருக்கலாம். அதற்கு ஆப்பு மருந்தல்ல. ஆப்பு வைத்தால் இரும்பு ஆப்பு, நீளமான சென்டர் போல்ட், புது யூ போல்ட்.

டோ கடைசி வேலை. கிங் பின் மாறினால் சக்கரச் சாய்வு மாறும், அதோடு டோவும் மாறும். களத்திலேயே பார்க்கலாம்: இரண்டு டயரிலும் ஒரே காற்றழுத்தம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ஆணி முனையால் டயர் நடுவில் ஒரு கோடு. கீழே இறக்கி வண்டியை இரண்டு, மூன்று மீட்டர் முன்னால் உருட்டுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். ஆக்சில் உயரத்தில் முன்புறம் கோட்டுக்குக் கோடு எவ்வளவு, பின்புறம் எவ்வளவு. முன்புறம் குறைவாக இருந்தால் டோ-இன். ரேடியல் டயருக்கு பெரும்பாலும் 0 முதல் 3 மி.மீ.க்குள் வரும், சரியான அளவு வண்டி மேனுவலில். டை ராட்டின் இரு முனையிலும் கிளாம்பைத் தளர்த்தி ராடைச் சுற்றினால் போதும், ஒரு முனை இடது மரை, மறுமுனை வலது மரை.

கிரீஸ்கன்:

இதெல்லாம் முடிஞ்சு, வீல்ல இன்னும் ஒரு இன்ச்சுக்கு மேல ஆட்டம் மிச்சம் இருந்தா அப்ப பாக்ஸ் ஸ்குரு. டிராக் லிங்கைக் கழட்டிட்டு, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்கு எத்தனை சுத்துன்னு எண்ணி, பாதியில நிறுத்துங்க. எட்டுல ஒரு பங்கு சுத்து மட்டும் முறுக்கி, ரெண்டு கோடி வரைக்கும் திருப்பிப் பாருங்க. எங்கேயாவது பிடிச்சா திருப்பி விட்டுடுங்க. அப்பதான் பாக்ஸைப் பிரிக்கற பேச்சு. லெவல் பிளக்கைத் திறந்து இபி 90 ஆயில் இருக்கான்னும் பாருங்க, காலி பாக்ஸை ஸ்குரு போட்டு இறுக்கி ஒரு புண்ணியமும் இல்லை.

கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது ஆக்சிலை ஜாக்கியில தூக்கி, பாரம் இல்லாம அடிங்க. பாரத்தோட அடிச்சா திரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் இறங்காது. பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து, புதுசு எட்டிப் பாக்கற வரைக்கும். எஸ்டேட் ரோட்டுக்கு 15 நாளைக்கு ஒரு தரம். மழைக்காலத்துல பிரஷர் தண்ணி அடிச்சுக் கழுவினா அன்னிக்கே.